கேமரா கீழே விழுந்தால் பணம் கிடைக்குமா?

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அடுத்து வாங்க நினைப்பது பெரும்பாலும் ஒரு நல்ல கேமராவைத்தான். எடுத்த படங்களைப் பெரிய திரையில் பார்க்கலாம், திருத்தலாம், பிரிண்ட் எடுக்கலாம். செல்போன் கேமராவில் கிடைக்காத தெளிவும் கிடைக்கும். நல்ல விஷயம்தான். ஆனால் கம்ப்யூட்டருக்கும் கேமராவுக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கிறது. கம்ப்யூட்டர் மேஜையை விட்டு நகர்வதில்லை. கேமரா கல்யாண மண்டபம், கோவில் திருவிழா, கடற்கரை, ஊட்டி, கொடைக்கானல் என்று நம் கழுத்தில் தொங்கிக்கொண்டு ஊர் சுற்றுகிறது. எனவே அது கீழே விழவும், நனையவும், திருடு போகவும் வாய்ப்பு அதிகம்.

"ஒரு வருட வாரண்டி இருக்கிறதே, போதாதா?" என்று பல வாசகர்கள் என்னிடம் கேட்கிறார்கள். போதாது. ஏன் போதாது, கேமராவுக்கு இன்ஷூரன்ஸ் எப்படி எடுப்பது, எடுத்த பின் பணம் எவ்வளவு கிடைக்கும், இதில் உங்கள் வீட்டு கம்ப்யூட்டர் என்ன உதவி செய்யும் என்பதை இந்தக் கட்டுரையில் பார்க்கலாம்.

வாரண்டி வேறு, இன்ஷூரன்ஸ் வேறு

வாரண்டி என்பது கேமராவைத் தயாரித்த நிறுவனம் தரும் உறுதிமொழி. தயாரிப்பில் குறை இருந்தால் இலவசமாகச் சரி செய்து தருவோம் என்பதுதான் அதன் பொருள். ஷட்டர் தானாக நின்றுவிட்டதா? திரையில் கோடு விழுகிறதா? வாரண்டியில் சரி செய்வார்கள். நீங்கள் கீழே போட்டு உடைத்தால் அது தயாரிப்புக் குறை அல்ல. தண்ணீர் புகுந்தாலும் அப்படியே. சர்வீஸ் சென்டரில் கேமராவைத் திறந்து பார்த்தவுடன் உள்ளே உப்பும் துருவும் தெரிந்துவிடும். பிறகு முழு பில்லும் உங்கள் தலையில்தான்.

கடையில் கேமரா வாங்கும்போது 'எக்ஸ்டெண்டட் வாரண்டி' என்று ஒன்றைச் சொல்வார்கள். இது அதே வாரண்டியை இன்னும் ஓரிரு ஆண்டுகளுக்கு நீட்டிப்பது, அவ்வளவுதான். கீழே விழுந்தால் இதிலும் ஒன்றும் கிடைக்காது. 'ஆக்சிடென்டல் டேமேஜ்' என்ற சொற்கள் அந்தத் தாளில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால்தான் விழுந்து உடைவதற்கும் பாதுகாப்பு உண்டு. இரண்டையும் கலந்து பேசி விற்பவர்கள் இருக்கிறார்கள். ஆகவே வாயால் சொல்வதை நம்பாமல், தாளை வாங்கிப் படித்த பிறகு பணம் கட்டுங்கள்.

எந்தெந்த வழிகள் இருக்கின்றன?

முதலில் ஒரு விஷயம். எல்.ஐ.சி. ஆயுள் காப்பீடு மட்டுமே செய்யும் நிறுவனம். பொருட்களுக்கு இன்ஷூரன்ஸ் செய்வது பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள். அரசுத் துறையில் நியூ இந்தியா, நேஷனல், ஓரியண்டல், யுனைடெட் இந்தியா என்று நான்கு நிறுவனங்கள் உள்ளன. யுனைடெட் இந்தியாவின் தலைமை அலுவலகம் சென்னையில்தான் இருக்கிறது. இவை தவிர தனியார் நிறுவனங்கள் பல உண்டு. இவற்றின் கிளை அலுவலகங்களிலோ முகவர்களிடமோ கீழ்க்கண்ட பாலிசிகளைப் பற்றி விசாரிக்கலாம்.

1. வீட்டுக் காப்பீடு: 2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான வீட்டுப் பாலிசி நாடு முழுவதும் நடைமுறையில் இருக்கிறது. தீ, இடி, மின்னல், புயல், வெள்ளம், நிலநடுக்கம் போன்றவற்றால் வீட்டுக்கும் வீட்டிலுள்ள பொருட்களுக்கும் ஏற்படும் சேதத்துக்கு இது பணம் தரும். கட்டடத்துக்கு பாலிசி எடுத்தால், கட்டடத் தொகையில் 20 சதவீதம் வரை (அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய்) வீட்டுப் பொருட்களுக்கும் தானாகவே பாதுகாப்பு சேர்ந்துவிடும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் பொருட்களுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தரைத்தள வீடுகளில் தண்ணீர் புகுந்து கம்ப்யூட்டர்களும் கேமராக்களும் வீணாயின. அதுபோன்ற இழப்புக்கு இந்தப் பாலிசி கை கொடுக்கும். ஆனால் கேமரா உங்கள் கையிலிருந்து நழுவி விழுவது இதில் அடங்காது. வீட்டுக்கு வெளியே கொண்டு போன பொருளுக்கும் இது பொருந்தாது. வெறும் திருட்டும் இதில் வராது. தீ, வெள்ளம் போன்ற நிகழ்வு நடந்து 7 நாட்களுக்குள், அதையொட்டி நடக்கும் திருட்டு மட்டுமே சேரும்.

2. ஹவுஸ்ஹோல்டர்ஸ் பேக்கேஜ் பாலிசி: இது பல பிரிவுகள் கொண்ட பாலிசி. தீ, திருட்டு, வீட்டு உபயோகச் சாதனங்கள் பழுதாவது என்று தனித்தனிப் பிரிவுகள் இருக்கும். வேண்டிய பிரிவுகளை மட்டும் தேர்ந்தெடுக்கலாம். இதில் 'ஆல் ரிஸ்க்' என்ற பிரிவுதான் நமக்கு வேண்டியது. நகை, கைக்கடிகாரம், கேமரா போன்று வெளியே எடுத்துச் செல்லும் விலை உயர்ந்த பொருட்களைப் பெயர் குறிப்பிட்டு இதில் சேர்க்கலாம்.

3. தனி ஆல் ரிஸ்க் பாலிசி: வீட்டுப் பாலிசி இல்லாமல், குறிப்பிட்ட பொருட்களுக்கு மட்டும் எடுப்பது. சாதாரணமாக இந்தியாவுக்குள் எங்கு நடந்தாலும் செல்லும். வெளிநாட்டுப் பயணத்துக்கும் வேண்டுமென்றால் கூடுதல் பிரீமியம் கட்டி நீட்டித்துக்கொள்ள வேண்டும்.

4. எலக்ட்ரானிக் எக்யூப்மெண்ட் பாலிசி: ஸ்டுடியோ, அலுவலகம் வைத்திருப்பவர்களுக்கு ஏற்றது. கம்ப்யூட்டர், பிரிண்டர், கேமரா, லைட் எல்லாவற்றையும் ஒரே பாலிசியில் சேர்க்கலாம். இது அடிப்படையில் பாலிசியில் எழுதியுள்ள முகவரியில் இருக்கும் சாதனங்களுக்கானது. கேமராவை வெளியே எடுத்துச் செல்வீர்கள் என்றால் அதற்கான 'எண்டார்ஸ்மெண்ட்', அதாவது இணைப்புத் தாள், பாலிசியில் சேர்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் மண்டபத்தில் நடந்த விபத்துக்குப் பணம் கிடைக்காது.

டிராவல் இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கிறோமே என்று சிலர் நினைக்கலாம். அதில் பெரும்பாலும் விமானத்தில் ஒப்படைத்த பெட்டி தொலைந்தால்தான் பணம். பல பாலிசிகளில் கேமராவை விலை உயர்ந்த பொருள் என்று சொல்லி ஒதுக்கியும் வைத்திருப்பார்கள்.

'ஆல் ரிஸ்க்' என்றால் எல்லாம் அல்ல!

இந்தக் கட்டுரையில் நீங்கள் கட்டாயம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய பகுதி இதுதான். 'ஆல் ரிஸ்க்' என்ற பெயரைக் கேட்டதும் எல்லா ஆபத்துக்கும் பணம் கிடைக்கும் என்று தோன்றும். பாலிசியில் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' என்ற தலைப்பில், எவற்றுக்கெல்லாம் பணம் தரமாட்டோம் என்று ஒரு பட்டியல் இருக்கும். அதை எடுத்துப் படியுங்கள். இந்திய நிறுவனங்களின் பல ஆல் ரிஸ்க் பாலிசிகளில் இப்படி ஒரு வரி இருக்கிறது: லென்ஸ் அல்லது கண்ணாடி உடைவது, விரிசல் விடுவது, கீறல் விழுவது ஆகியவற்றுக்குப் பணம் கிடையாது. அதை எடுத்துச் செல்லும் ரயில், கப்பல், விமானம் அல்லது வாகனம் விபத்துக்குள்ளானால் மட்டும் கிடைக்கும்.

யோசித்துப் பாருங்கள். கேமரா கீழே விழுந்தால் முதலில் அடிபடுவது எது? பெரும்பாலும் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் லென்ஸ்தான். அதற்கே பணம் இல்லை என்றால்?

எனக்குத் தெரிந்த திருமணப் புகைப்படக்காரர் ஒருவருக்கு இதுதான் நடந்தது. திருச்சி பக்கம் ஒரு மண்டபத்தில் டிரைபாடில் கேமராவை நிறுத்தியிருந்தார். ஓடிவந்த குழந்தை ஒயரில் தடுக்க, டிரைபாட் சாய்ந்தது. கேமராவின் லென்ஸ் பொருத்தும் வளையம் வளைந்தது, லென்ஸின் முன் கண்ணாடி உடைந்தது. இன்ஷூரன்ஸ் நிறுவனம் கேமரா ரிப்பேருக்குப் பணம் கொடுத்தது. லென்ஸுக்கு மறுத்துவிட்டது. அவர் கோபப்பட்டு பாலிசியை எடுத்துப் பார்த்தால், மூன்றாம் பக்கத்தில் அந்த வரி தெளிவாக இருந்தது. கடன் வாங்கி வாங்கிய லென்ஸ். அடுத்த நான்கு முகூர்த்தங்களுக்கு வாடகை லென்ஸ் எடுத்துத்தான் வேலை செய்தார்.

எலக்ட்ரானிக் எக்யூப்மெண்ட் பாலிசியிலும் பல்பு, பெல்ட், கண்ணாடியால் ஆன பொருட்கள் போன்றவற்றைப் பற்றி ஒரு விலக்கு வரி உண்டு. அதனால் எந்தப் பாலிசியாக இருந்தாலும், "கேமரா விழுந்து லென்ஸ் உடைந்தால் பணம் உண்டா?" என்று கடிதத்திலோ ஈமெயிலிலோ கேளுங்கள். இல்லை என்றால், அந்த விலக்கை நீக்கித் தர முடியுமா, அதற்குக் கூடுதல் பிரீமியம் எவ்வளவு என்றும் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

பொதுவாகக் காணப்படும் மற்ற விலக்குகள்:

* தேய்மானம், பழையதாவது, நிறம் மங்குவது.

* விபத்து எதுவும் இல்லாமல் தானாக ஏற்படும் எலக்ட்ரிகல், மெக்கானிகல் கோளாறு.

* பூஞ்சை, ஈரப்பதம், பூச்சியால் ஏற்படும் சேதம். கடலோர ஊர்களில் லென்ஸில் பூஞ்சை படர்வது சகஜம். இதற்கு எந்தப் பாலிசியும் உதவாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு வைப்பதுதான் வழி.

* சுத்தம் செய்யும்போதோ ரிப்பேர் செய்யும்போதோ ஏற்படும் சேதம்.

* பூட்டாத, ஆள் இல்லாத வாகனத்திலிருந்து திருடு போவது.

* எப்படிப் போனது என்றே தெரியாமல் காணாமல் போவது. மண்டபத்தில் நாற்காலி மேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போய், திரும்பி வந்தால் கேமரா இல்லை என்பது இந்த வகையில் சேரலாம்.

* வாடகைக்கு விட்ட பொருள்.

இன்னொன்று. வீட்டு உபயோகத்துக்கு என்று எடுத்த பாலிசியை வைத்துக்கொண்டு, காசு வாங்கிக்கொண்டு கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போகாதீர்கள். மாதம் ஒரு நிகழ்ச்சிதான் என்றாலும் அது தொழில்தான். விண்ணப்பப் படிவத்திலேயே உண்மையை எழுதுங்கள். பிரீமியம் கொஞ்சம் கூடலாம். மறைத்தால் கிளைம் செய்யும் நாளில் முழுத் தொகையும் போய்விடும்.

எவ்வளவு பணம் கிடைக்கும்?

ஒரு கணக்கோடு பார்ப்போம். எலக்ட்ரானிக் எக்யூப்மெண்ட் பாலிசியில், அதே வகையான புதிய கேமராவின் இன்றைய விலைக்குக் காப்பீடு செய்ய வேண்டும் என்பது விதி. உங்கள் கேமராவின் புதிய விலை 80,000 ரூபாய். பிரீமியத்தைக் குறைக்க நினைத்து 60,000 ரூபாய்க்கு மட்டும் காப்பீடு செய்தீர்கள். கேமரா விழுந்தது. ரிப்பேர் பில் 24,000 ரூபாய். 60,000-க்குக் காப்பீடு இருக்கிறது, 24,000-ம் முழுதாகக் கிடைத்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அப்படி அல்ல.

காப்பீடு செய்தது நான்கில் மூன்று பங்கு மட்டுமே. ஆகவே ரிப்பேர் பில்லிலும் நான்கில் மூன்று பங்கு, அதாவது 18,000 ரூபாய்தான் கணக்கில் வரும். இதற்கு 'அண்டர் இன்ஷூரன்ஸ்' என்று பெயர். அதிலிருந்து 'எக்ஸஸ்' என்ற தொகையையும் கழிப்பார்கள். ஒவ்வொரு கிளைமிலும் முதல் பங்கை நீங்களே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் எக்ஸஸ். அது 1,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கைக்கு வருவது 17,000 ரூபாய். மீதி 7,000 உங்கள் செலவு.

கேமரா முழுவதும் வீணாகிவிட்டாலோ திருடு போனாலோ கணக்கு வேறு. அப்போது புதிய விலை கிடைக்காது. பயன்படுத்திய காலத்துக்குத் தேய்மானம் கழித்து, அன்றைய மதிப்பைத்தான் தருவார்கள். உதாரணத்துக்கு, ஆண்டுக்கு 20 சதவீதம் தேய்மானம் என்றால் மூன்று ஆண்டு பழைய 80,000 ரூபாய் கேமராவின் மதிப்பு 32,000 ரூபாய். இந்தச் சதவீதம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பாலிசி எடுக்கும் முன்பே "தேய்மானம் எப்படிக் கணக்கிடுவீர்கள்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். பணம் செலுத்தி நிறுவனத்துக்குப் பிரீமியம் போய்ச் சேர்ந்த பிறகே பாதுகாப்பு தொடங்கும் என்பதும் சட்டம். "நாளைக்குக் கட்டுகிறேன்" என்று சொல்லிவிட்டு இன்று மகாபலிபுரம் போனால், இன்றைய விபத்துக்கு ஒன்றும் இல்லை.

உங்கள் கம்ப்யூட்டர் எப்படி உதவும்?

கிளைம் செய்யும்போது மூன்று விஷயங்களை நீங்கள் நிரூபிக்க வேண்டும். இந்தப் பொருள் என்னிடம் இருந்தது, இது என்னுடையது, இதன் விலை இவ்வளவு. மூன்றுக்கும் ஆதாரத்தை இன்றே கம்ப்யூட்டரில் தயார் செய்துவிடலாம்.

பட்டியல்: எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆஃபீஸ் கால்க் புரோகிராமைத் திறந்திடவும். முதல் வரிசையில் பொருள், நிறுவனம், மாடல், சீரியல் நம்பர், வாங்கிய தேதி, கடை, விலை என்று ஏழு தலைப்புகள் கொடுத்திடவும். கேமரா, ஒவ்வொரு லென்ஸ், ஃப்ளாஷ், டிரைபாட், பை, மெமரி கார்டு என்று ஒன்றுக்கு ஒரு வரிசை. லென்ஸுக்குத் தனி சீரியல் நம்பர் உண்டு, மறக்க வேண்டாம். பாலிசியில் "கேமராவும் உபகரணங்களும்" என்று மொத்தமாக எழுதாமல், இந்தப் பட்டியலையே இணைக்கச் சொல்லுங்கள். பட்டியலில் இல்லாத லென்ஸுக்குப் பணம் இல்லை. புதிய லென்ஸ் வாங்கினால், அதையும் சேர்க்கச் சொல்லி அன்றே எழுதுங்கள்.

பில்: இன்று பல கடைகளில் தெர்மல் பேப்பரில் பில் தருகிறார்கள். சில மாதங்களில் எழுத்துகள் மங்கி வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கிய அன்றே ஸ்கேன் செய்திடவும். ஸ்கேனர் இல்லாவிட்டால் செல்போனில் படம் எடுத்து கம்ப்யூட்டருக்கு மாற்றிடவும். பில்லில் சீரியல் நம்பர் இருக்கிறதா என்று கடையை விட்டு வெளியே வரும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து மாமாவோ அண்ணனோ வாங்கி வந்த கேமரா என்றால், அந்த நாட்டு பில்லையும், சுங்க வரி கட்டியிருந்தால் அந்த ரசீதையும் கேட்டு வாங்கி வையுங்கள். பில் இல்லாத கேமராவுக்கு விலையை நிரூபிப்பது பெரும்பாடு.

படத்துக்குள் இருக்கும் சாட்சி: டிஜிட்டல் கேமரா எடுக்கும் ஒவ்வொரு படத்தின் ஃபைலிலும் 'எக்சிஃப்' என்ற தகவல் தொகுப்பு சேர்ந்தே பதிவாகிறது. கேமராவின் நிறுவனம், மாடல், படம் எடுத்த தேதி, நேரம் எல்லாம் அதில் இருக்கும். பல கேமராக்கள் தங்கள் சீரியல் நம்பரையும் அதில் எழுதுகின்றன. விண்டோஸில் படத்தின் மீது ரைட் க்ளிக் செய்து, 'ப்ராப்பர்டீஸ்' தேர்ந்தெடுத்து, 'டீடெய்ல்ஸ்' டேபில் க்ளிக் செய்திடவும். கீழே இறங்கிப் பார்த்தால் இந்த விவரங்கள் தெரியும். சீரியல் நம்பர் அங்கே தெரியாவிட்டால் 'எக்சிஃப் டூல்' என்ற இலவச புரோகிராமில் பாருங்கள். கேமரா திருடு போன பிறகு அதன் சீரியல் நம்பர் தெரியாமல் விழிப்பவர்களுக்கு, கம்ப்யூட்டரில் இருக்கும் பழைய படமே பதில் சொல்லிவிடும். ஒரு எச்சரிக்கை: வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படங்களில் இந்தத் தகவல்கள் நீக்கப்பட்டுவிடும். கேமராவிலிருந்து நேரடியாகக் காப்பி செய்த ஒரிஜினல் ஃபைலை வைத்திருங்கள்.

இந்தப் பட்டியல், பில், பாலிசி நகல் மூன்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, உங்களுக்கே ஒரு ஈமெயில் அனுப்பிக்கொள்ளுங்கள். வீட்டில் வெள்ளம் வந்தால் கம்ப்யூட்டரும்தானே நனையும்? ஈமெயிலில் இருப்பது நனையாது. நான் என் கேமராவுக்கு இப்படித்தான் வைத்திருக்கிறேன். மொத்தமே அரை மணி நேர வேலை.

விபத்து நடந்துவிட்டால்...

1. கேமரா நனைந்திருந்தால் ஆன் செய்து பார்க்காதீர்கள். பேட்டரியையும் மெமரி கார்டையும் உடனே வெளியே எடுங்கள்.

2. உடைந்த நிலையில் செல்போனில் நாலைந்து படங்கள் எடுங்கள். இடம், நேரம், உடன் இருந்தவர்கள் விவரத்தைக் குறித்து வையுங்கள்.

3. இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு அன்றே தகவல் கொடுத்து, கிளைம் நம்பர் வாங்குங்கள். ஈமெயிலும் அனுப்புங்கள். தாமதம் ஆக ஆகக் கேள்விகள் கூடும்.

4. திருட்டு என்றால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து எஃப்.ஐ.ஆர். நகல் பெறுங்கள். கண்டுபிடிக்க முடியவில்லை என்ற போலீஸ் சான்றையும் பின்னர் கேட்பார்கள்.

5. அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் மதிப்பீடு மட்டும் வாங்குங்கள். நிறுவனம் அனுப்பும் சர்வேயர் பார்க்கும் முன் ரிப்பேர் செய்ய வேண்டாம். மாற்றிய பழைய பாகங்களையும் தூக்கி எறிய வேண்டாம்.

6. கொடுக்கும் ஒவ்வொரு தாளுக்கும் நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 ஜூன் மாதம் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, கிளைம் தகவல் வந்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும். 15 நாட்களுக்குள் அவர் அறிக்கை தர வேண்டும். அறிக்கை கிடைத்த 7 நாட்களுக்குள் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். இந்த நாட்களைக் காலண்டரில் குறித்து வைத்துக்கொண்டு, தாண்டினால் நினைவூட்டல் அனுப்புங்கள்.

மறுத்துவிட்டால்?

எந்த விதியின்படி மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அந்த விதி உண்மையிலேயே உங்கள் பாலிசியில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். அடுத்து, ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 'பீமா பரோசா' தளத்திலோ 155255 என்ற இலவச எண்ணிலோ புகார் செய்யலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கு இதன் அலுவலகம் சென்னையில் உள்ளது. கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் புகார் செய்ய வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

படங்களுக்கு இன்ஷூரன்ஸ் இல்லை

மெமரி கார்டு உடைந்தால் கார்டின் விலை கிடைக்கலாம். அதில் இருந்த குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்களுக்கு எந்தப் பாலிசியும் விலை போடாது. எலக்ட்ரானிக் எக்யூப்மெண்ட் பாலிசியில் டேட்டாவை மீண்டும் உருவாக்கும் செலவுக்கு ஒரு பிரிவு உண்டு. அதுவும் செலவைத்தான் தரும், போன படத்தைத் தராது. ஆகவே பேக்கப் ஒன்றுதான் வழி.

இதற்கு அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் க்ரோ பிரபலப்படுத்திய 3-2-1 என்ற எளிய விதி இருக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் 3 பிரதிகள், 2 வகை சாதனங்களில், அதில் 1 பிரதி வீட்டுக்கு வெளியே. கம்ப்யூட்டரில் ஒன்று, எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, இன்டர்நெட் சேமிப்பிலோ ஊரில் அம்மா வீட்டிலோ ஒன்று. படங்கள் மூன்று இடத்துக்கும் போய்ச் சேரும் வரை மெமரி கார்டை ஃபார்மட் செய்ய வேண்டாம். தவறி அழித்துவிட்டால், அந்த கார்டில் மேற்கொண்டு படம் எடுக்காமல் 'போட்டோரெக்' என்ற இலவச புரோகிராமை ஓட்டிப் பாருங்கள். பல நேரங்களில் படங்கள் திரும்பக் கிடைக்கும்.

எல்லோருக்கும் தேவையா?

தேவையில்லை. 15,000 ரூபாய் கேமராவுக்கு, பிரீமியம், அதன் மீது ஜி.எஸ்.டி., எக்ஸஸ், தேய்மானம் எல்லாம் போக மிஞ்சுவது மிகக் குறைவு. அந்தப் பிரீமியப் பணத்தில் நல்ல பையும் கழுத்துப் பட்டையும் வாங்கலாம். ஆனால் 80,000, ஒரு லட்சம் என்று கடன் வாங்கிக் கேமராவும் லென்ஸும் வாங்கியவர்கள், அதை வைத்துச் சம்பாதிப்பவர்கள் ஆகியோருக்குக் கட்டாயம் தேவை. "இந்தக் கேமரா நாளை இல்லாமல் போனால், அடுத்த மாதமே கைப்பணத்தில் இன்னொன்று வாங்க முடியுமா?" என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். முடியாது என்றால் பாலிசி எடுங்கள்.

கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

* கை தவறி விழுவது இதில் அடங்குமா?

* லென்ஸ் கண்ணாடி உடைந்தால் பணம் உண்டா?

* வீட்டுக்கு வெளியே, வெளியூரில், வெளிநாட்டில் செல்லுமா?

* காசு வாங்கிப் படம் எடுத்தால் செல்லுமா?

* காப்பீட்டுத் தொகை புதிய விலைக்கா, இன்றைய மதிப்புக்கா?

* தேய்மானம் எத்தனை சதவீதம்? எக்ஸஸ் எவ்வளவு?

* என் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பொருளும் சீரியல் நம்பரோடு பாலிசியில் இருக்கிறதா?

இந்த ஏழு கேள்விகளையும் ஒரு தாளில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு முகவரைச் சந்தியுங்கள். ஏழுக்கும் எழுத்தில் பதில் தருபவரிடம் பாலிசி எடுங்கள்.